இறவாரப் பலகை மாற்றிய செலவு

நனைந்து இற்றுப்போன மரத்துக்கு ஒரு வாடை உண்டு. ஈர நாய், பழைய சாக்கு, அழுகின ஏலக்காய்த் தொலி மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்தால் எப்படி நாறுமோ அப்படி. ஐப்பசி பிறந்து, மேற்கே மலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் இறங்கிவிட்டால், போடியில் எங்கள் ஓட்டு வீட்டுக்குள் சோறு தின்னும்போதும் தூங்கும்போதும் அந்த வாடைதான் மூக்கில் நிற்கும். கூரையின் நுனியில், கைமரங்களின் முனையை எல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசை ஓடு தெருவில் சரிந்து விழாதபடி நீளவாக்கில் ஒரு பலகை அடித்திருப்பார்களே, எங்கள் தெருவில் "எறவாரப் பலக" என்பார்கள், அது இற்றுப்போயிருந்தது.

போன மாதம் அதே வீட்டின் முகப்பு முழுவதும் புதுப் பலகை போட்டேன். மர விலையையும் கூலியையும் கேட்டு என் மூத்த மகன் போனிலேயே கத்தினான்: "அந்தக் காசுக்குத் தகர ஷீட்டை அடிச்சுட்டு மிச்சத்துல ஒரு ஜீப்பு வாங்கலாம்ப்பா." அவன் படித்தவன், கணக்குப் பேசுவான். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு போன கிளீனர் பையன். இன்றைக்குப் போடிமெட்டுச் சாலையில் என் வண்டி ஏறாத நாள் கிடையாது. ஏலக்காயைக் கையில் அள்ளிக் குலுக்கினால் எந்தச் சரிவில் விளைந்தது, எப்படிக் காய்ந்தது என்று சொல்லிவிடுவேன். பட்டம் வாங்கியவர்கள் என் கடை வாசலில் நின்றுதான் அன்றைய விலையைக் கேட்டுப் போகிறார்கள். தேக்கிலேயே போடு என்று ஆசாரியிடம் சொன்னேன். பணமெல்லாம் ஒரு செலவா? அந்தப் பலகையை இதற்கு முன் ஒரு தடவை மாற்றியபோது ஆன செலவை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது அந்த வீடு இரண்டாகக் கிடந்தது. தாத்தா கட்டியது ஒரே வீடுதான். அவர் கண் மூடியதும் என் அப்பாவும் அவருடைய அண்ணனும் சண்டை போட்டு, பஞ்சாயத்து வைத்து, நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் சுவரை எழுப்பிக்கொண்டார்கள். சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டதால் அதற்கு மேலே கூரை ஒன்றாகத்தான் ஓடியது. பெரியம்மா தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். ஆத்தா இருமினால் அந்தப் பக்கமிருந்து, "ஆரம்பிச்சுட்டா" என்று குரல் வரும்.

எனக்குப் பின்னால் ஆத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அந்த ஐப்பசியில் அவள் மறுபடியும் எட்டு மாதம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஒருத்தி "முழுகாம" இருக்கிற வீட்டில் கூரையைப் பிரிக்கக்கூடாது, மரம் அறுக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. அடித்தால் அது வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பலகை இற்று ஓடு தெருவில் விழுந்தாலும் பிள்ளை பிறக்கட்டும் என்று வாளியை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் காத்திருந்தார்.

பெரியப்பாவால் காத்திருக்க முடியவில்லை. அவருடைய மகன் ராசாங்கம் அண்ணனுக்குப் பக்கத்து ஊரான தேவாரத்தில் பெண் பேசி முடிகிற நேரம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். வாசலில் நின்று நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது எறவாரம். அது பல்லை இளித்துக்கொண்டு நின்றால் எவன் பெண் கொடுப்பான்? வெளியூரிலிருந்து ஆசாரியைக் கூட்டிவந்துவிட்டார்.

ஆசாரி தொழில் தெரிந்தவர். பையை இறக்குவதற்கு முன்னாலேயே, "வீட்டுல யாராச்சும் முழுகாம இருக்காகளா சாமி?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல யாரும் இல்ல. அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கா. அது வேற வீடு" என்றார் பெரியப்பா.

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஆத்தா, "அத்தான், அடுப்புதான ரெண்டு, கூரை ஒண்ணுதான? ஒரு மாசம் பொறுங்க. ஒங்க கால்ல விழுகுறேன்" என்றாள்.

"அடுப்பு ரெண்டானா வீடும் ரெண்டுதான் தாயி. பிரிச்சுக் குடுன்னு பஞ்சாயத்துல மீசையை முறுக்குனது ஒம் புருசன். இன்னைக்கு மட்டும் கூரை ஒண்ணாயிருச்சா?"

பெரியம்மா அதோடு விடவில்லை. "அவளுக்கு வருசா வருசம் வயிறு வீங்கும், வத்தும். அதுக்குன்னு எம் மகன் கல்யாணத்தை நிறுத்த முடியுமா?"

இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளைப் பார்த்துச் சொன்ன சொல் அது. ஆசாரி கம்பிப் பாரையை வைத்து நெம்ப, இற்ற பலகை சிராய் சிராயாகத் தெருவில் விழுந்தது. மண் சுவர் ஆடாவிட்டாலும் அதற்கு மேலே இருந்த கைமரங்கள் அத்தனையும் எங்கள் தலைக்கு மேல் முனகின. ஆத்தா வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டு அத்தை வந்து, "இங்க வந்து இருந்துக்க புள்ள, ஆணி அடிச்சு முடியிறவரைக்கும்" என்று கூப்பிட்டாள். தெருவைத் தாண்டினால் அவள் வீடு. ஆத்தாவும் எழுந்தாள். அப்பா விடவில்லை. "எம் வீட்டை விட்டு எம் பொண்டாட்டி தெருவுல போயி ஒண்டணுமா? அவன் பாத்துச் சிரிக்கணுமா? ஒன் தம்பி லயத்துக்குப் போவம். கெளம்பு" என்றார்.

என் மாமன் போடிமெட்டுக்கு அந்தாண்டை ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுதான் லயம். அங்கே போக வேண்டுமென்றால் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் ஏற வேண்டும். எட்டு மாதக்காரியை, மழைக்காலத்தில், தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில். ஆணிச் சத்தத்துக்குப் பயந்து இப்படி ஒரு காரியத்தைச் செய்ய எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும்.

முன் சீட்டில் டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஆத்தா. பின்னால் தோட்டத்துப் பெண்களின் மடியில் நான், கடைசி ஆளாக, தெருவைப் பார்த்தபடி. வண்டி உறுமிக் கிளம்புகிறது. சந்து முனையில் பெரியப்பா வருகிறார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வருகிறார். ஒரு கை மேலே ஆடுகிறது.

"தம்பி! நிறுத்துடா! ஆசாரியை நிறுத்திட்டேன்டா! அவளை எறக்குடா!"

டிரைவர் வண்டியை மெதுவாக்கினான். "யாருண்ணே அது, ஓடியாரது?"

அப்பா திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவர் முகத்தில் நான் கண்டது கோபம்கூட இல்லை. சீட்டாட்டத்தில் கை சேர்ந்தவன் முகம். அண்ணன்காரன் நடுத்தெருவில் கெஞ்சிக்கொண்டு ஓடி வருகிறான், இந்த ஆட்டத்தை இவ்வளவு சீக்கிரம் முடிப்பானேன்?

"யாரும் இல்ல. நீ வெரசா எடு" என்றார்.

பெரியப்பா பஸ் நிற்கிற இடம்வரைக்கும் ஓடி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதைத்தான் கடைசியாகப் பார்த்தேன். மலை ஏற ஏற மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி பின்னுக்கு வந்து, குலுங்கி, மறுபடி முன்னால் தாவும். பாதி மலையில் ஆத்தா அலறினாள். ஆண்களை இறக்கிவிட்டு, தோட்டத்துப் பெண்கள் சேலைகளை அவிழ்த்து ஜீப்பைச் சுற்றிப் பிடித்தார்கள். நான் பாறையை ஒட்டி நனைந்துகொண்டு நின்றேன். தம்பிதான் பிறந்தான். அழவில்லை. மாமன் தோட்டத்தில் ஏலச்செடிகளுக்கு நடுவில், மழை அதிகம் இறங்காத ஒரு மரத்தடியில் குழி தோண்டி வைத்தார்கள்.

மறுநாள் அப்பா மட்டும் இறங்கிப் போனார். நேராகத் தெருவுக்குப் போய், வீட்டு வாசலில் நின்று, மண்ணை வாரி எறிந்திருக்கிறார். "ஆணி அடிச்சே ஏம் புள்ளையைக் கொன்னுட்டியேடா பாவி!"

"நான் அடிக்கலடா, நிறுத்திட்டேன்டா, ஒன் வண்டி பின்னால ஓடியாந்தேன்டா" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார்.

"எவன்டா பாத்தான்?" என்றாராம் அப்பா.

ஜீப் கிளம்பிய நேரம் சாரலுக்குத் தெருவே கதவடைத்துக் கிடந்தது; டிரைவருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் ஓடி வந்தது யாரென்றே தெரியாது. ஆசாரி முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தார். ராசாங்கம் அண்ணன், பெண் வீட்டாருக்குத் துணி எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். சண்டைக்குக் கூடிய தெருக்காரர்கள் அத்தனை பேரும் பெரியப்பாவின் வாயைப் பார்த்தார்களே ஒழிய, ஒருத்தராவது நிமிர்ந்து கூரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பலகை இல்லாமல் கைமர முனைகள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன, கடைசி வரிசை ஓடு இறக்கியபடிக்கே கிடந்தது, மழை நேராக அவர் வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆணிகூட இறங்கியிருக்கவில்லை.

ஆத்தாவும் நானும் ஊருக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. வண்டியை விட்டு இறங்கும்போதே அப்பா என் காதைப் பிடித்து, "நீ ஒண்ணும் பாக்கல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத் தராது: முதலில் கத்துகிறவன் பேச்சுக்குத்தான் விலை, உண்மை ஓடி வந்து சேருவதற்குள் வண்டி கிளம்பிப் போயிருக்கும். ஏலக்காய்ச் சந்தையில் இந்தப் பாடத்தை வைத்துத்தான் நான் பிழைத்தேன்.

தேவாரத்துக்காரர்கள் வரவே இல்லை. "கருவை அழிச்ச வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டம்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள். யார் போய்ச் சொன்னது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா கடைசியில் ஆசாரியை வைத்துத் தன் பக்கத்துக்கு நல்ல மரத்தில் பலகை போட்டுக்கொண்டார், யாருக்குக் காட்டவோ. நிறுத்திவிட்டேன், ஓடினேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ராசாங்கம் அண்ணனே அதை நம்பவில்லை. ஒரே வீட்டுக்குள் அப்பனோடு பேசாமல் சோறு தின்றார். அப்பன் போன பிறகு கல்யாணமும் இல்லாமல், காடும் இல்லாமல், தன் பாதி வீட்டை விற்க நின்றார். பழி விழுந்த வீட்டை எவன் வாங்குவான்? நான் வாங்கினேன். பாதி விலைக்குத்தான் வாங்கினேன். வியாபாரம் என்றால் அதுதான். மேலே தோட்டத்தில் காய் உலர்த்துகிற என் ஏலக்காய் ஸ்டோரிலேயே அவருக்குக் காவல் வேலையும் போட்டுக் கொடுத்தேன்.

ஆத்தா படுக்கையில் விழுந்த சமயம், ஒரு மத்தியானம், அவளிடம் அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஆத்தா, அன்னைக்குப் பெரியப்பா ஜீப்புக்குப் பின்னால..."

"தெரியும்ப்பா" என்றாள். "டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில நானும் பாத்தேன். கையை ஆட்டிக்கிட்டே ஓடியாந்தாரு."

"பெறகு ஏன் ஆத்தா ஒரு வார்த்தை சொல்லல?"

"அவரு கொல்லலைன்னு சொன்னா, யாரு கொன்னதுன்னு சொல்லணும்ல? ஒங்கப்பன்கூடல்ல நான் படுத்து எந்திரிக்கணும்?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண்ணீர் இல்லை. அரிசி விலை சொல்வது போலச் சொன்னாள்.

இப்போது அந்த மண் சுவர் இல்லை, நான்தான் இடித்தேன். அடுப்பு ஒன்றுகூட இல்லை, கேஸ்தான். எதிர்வீட்டு அத்தை, பெரியம்மா, என் அப்பா எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கூடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தால் வீடு எவ்வளவு பெரிசு என்று தெரிகிறது. நடக்கத்தான் நானும் என் மனைவியும் தவிர ஆளில்லை.

போன மாதம் பழைய பலகைகளை இறக்கியபோது பெரியப்பா போட்ட பலகையில் ஒரு புழுத் துளை இல்லை. ஆசாரியே தட்டிப் பார்த்து, "இது இன்னும் ஒரு தலைமுறைக்கு நிக்கும் மொதலாளி" என்றார். நானும் அதை விற்பதாகத்தான் இருந்தேன். அந்த நேரம் ராசாங்கம் அண்ணன் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து தெருவிலேயே நின்றார். கிழவராகிவிட்டார். வாசல்படி ஏறவில்லை.

"தம்பி, அந்த மரத்தை யாருக்கும் குடுத்துராத. ஒரு உசுரைத் தின்ன மரம். எரிச்சிரு. எங்கப்பன் பாவம் அதோட போகட்டும்" என்றார்.

சேற்றில் ஓடி வந்தது அவருடைய அப்பன் என்று தெரிந்து பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவன் இப்போது நான் ஒருவன்தான். ஒரு வார்த்தை போதும், அந்தக் கிழவருக்கு அவர் அப்பனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் என் அப்பனை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"சரிண்ணே" என்று சொல்லி, நல்ல விலைக்குப் போகிற மரத்தைத் தெருவில் அடுக்கச் சொல்லி மண்ணெண்ணெயை ஊற்றினேன். காய்ந்த மரம், சுலபத்தில் பிடித்துக்கொண்டது. எரிந்து தணிகிறவரைக்கும் அண்ணன் நகரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "இவ்வளவு பெரிய மனசு ஆருக்கு வரும் தம்பி" என்றார்.

இப்போது மலையில் ஏறி இறங்குகிற ஆட்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.