பன்னிரண்டரை வரை பட்டினி

ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றின் பகல்நேர அறுவைப் பிரிவில் ராகினி தாதியாகி இருபத்திரண்டு வருடமாகிறது. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகள்தான் அவள் பொறுப்பு. உள்ளே ஒரு பிள்ளை மயக்கத்தில் கிடந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறாள் என்று கூட வேலை செய்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கடலுக்கு அக்கரையில் இருக்கும் நிபோங் திபாலிலிருந்து ஷர்வின் தன் நாலு வயது மகள் தனுஜாவைக் குடலிறக்க அறுவைக்குக் கொண்டுவந்திருந்தான்.

"பிள்ளை கடைசியா என்னா சாப்ட்டுச்சு தம்பி?"

"ராத்திரி சோறு மிஸ்ஸி. அப்புறம் ஒன்னும் இல்லலா."

எடை பார்க்கும்போது திரும்பக் கேட்டாள். அதே பதில். பெயர்ப்பட்டையைச் சின்னக் கையில் மாட்டியபடி மூன்றாவது தடவை பிள்ளையிடமே கேட்டாள்.

"கார்ல வரப்போ என்னாம்மா சாப்ட்ட?"

"பிஸ்கட்."

ஷர்வின் தலை கவிழ்ந்தது. "கடல் பாலத்துல வரப்போ ஒரே அழுகை மிஸ்ஸி. ஆறரைக்கு ஒன்னு குடுத்தேன். ஏற்கெனவே சளி, காய்ச்சல்னு ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு. சொன்னா திரும்ப அனுப்பிருவீங்கன்னு பயந்துட்டேன்."

"மயக்கத்துல வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள இறங்கிருச்சுன்னா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். ஆனால் 'ஆறரை, பிஸ்கட்' என்று படிவத்தில் அழுத்தி எழுதினாள். நேராக மயக்க மருந்து டாக்டர் ஹுஸ்னாவிடம் போனாள். ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றார் அவர். "அப்படியானால் பிள்ளையைக் கடைசியாக வையுங்கள், டாக்டர்" என்று கேட்டு நின்றாள். டாக்டர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

பிறகு மணி நகரவே மாட்டேன் என்றது. தனுஜா பசியில் சிணுங்கினாள். ஷர்வின் அவளைத் தூக்கிக்கொண்டு நடையில் போவதும் வருவதுமாக இருந்தான். ராகினி அடிக்கடி எட்டிப் பார்த்தாள். அனுமதித்த நேரம்வரை ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் கொடுத்தாள்.

பன்னிரண்டரைக்கு அப்பனையும் உள்ளே விட்டார்கள். முகமூடியை வைத்ததும் பிள்ளை திமிறியது, பிறகு கை தொய்ந்தது. வெளியே வந்த ஷர்வின் தலையில் மாட்டிய நீலத் தொப்பியைக் கழற்றக்கூட மறந்து நின்றான்.

அறுவை முடிந்து கண் விழித்த தனுஜா வீறிட்டாள். அப்பனையே அடையாளம் தெரியாமல் உதைத்தாள்.

"நான் குடுத்த பிஸ்கட்டாலயா மிஸ்ஸி?"

"இல்ல தம்பி. மயக்கம் தெளியறப்போ சில பிள்ளைங்க இப்படித்தான். கொஞ்ச நேரத்துல அடங்கிரும். மடியில வச்சிக்குங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அழுகை ஓயும்வரை அவள் கண் பிள்ளையின் உதட்டு நிறத்தை விட்டு அகலவில்லை. இருபது நிமிடம் கழித்து தனுஜா "அப்பா" என்றாள். ஐஸ்கிரீம் கேட்டாள்.

நாலரைக்கு அவர்கள் கிளம்பினார்கள். ஆறு மணிக்கு ராகினி போன் அடித்தாள்.

"வீட்டுக்கு வந்துட்டோம் மிஸ்ஸி. கஞ்சி வேணாமாம், மீ கோரெங் வேணுமாம்."

"இன்னிக்கு நூடுல்ஸ் வேணாம், கஞ்சிதான்" என்றாள் ராகினி. மறுநாள் பட்டியலில் ஐந்து பிள்ளைகள். பட்டினியை நினைவூட்ட, முதல் பிள்ளையின் வீட்டு எண்ணை அழுத்தினாள்.