ஈரத்துணி அரக்கன்

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவனைப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரே ஒரு தடவைதான் பிடிக்கும், அதுவும் சாயங்காலம் நாலு பத்துக்கு. திருவானைக்காவல் பக்கம் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருஷமாக மணி அடிக்கிறேன், கதவு பூட்டுகிறேன், கரும்பலகை துடைக்கிறேன். இடுப்பில் சாவிக்கொத்தோடு அலைகிற என் இனத்தாருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் எனக்கு யார் என்ன செய்தாலும் மறக்காது.

மேலே ஏறும் ஆறு

எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிற மெர்சி டீச்சர் இந்த வருஷம் கட்டுரை வேண்டாம் என்றுவிட்டார். வகுப்பு மொத்தமும் சேர்ந்து உலகத்திலேயே இல்லாத ஒரு நாட்டை உண்டாக்க வேண்டுமாம். சட்டம், சாப்பாடு, சண்டை எல்லாம் அவர்களே யோசிக்க வேண்டும். பலகையில் பாதியை அடைத்து ஒரு தீவு வரைந்திருந்தார்கள். நடுவில் மலை, சுற்றிலும் ஏழு ஊர். சுற்றறிக்கை கொண்டுபோன நான் பார்த்தால், ஆறு கடலில் புறப்பட்டு மலைமேல் ஏறுகிறது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவன் அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பான்? தப்பு என்றேன். வகுப்பே சிரித்தது. முதல் பெஞ்சு திவ்யா எழுந்து நின்று சொன்னாள்: "எங்க நாட்டுல ஆறு மேலதான் போகும் தாத்தா. உங்க காவிரி கீழ போனா அதுக்கு நாங்க என்ன பண்றது?"

பிரளயம்

தீவைச் சுற்றிக் கட்டம் போட்டு 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். நானும் மூன்று வாரம் ஈரத்துணியால் கட்டத்தைச் சுற்றி மட்டும் துடைத்துவந்தேன். அதற்குள் வந்தது வினை. பத்தாம் வகுப்புப் பலகையில் போன மாதத்துக் கணக்கு அப்படியே கிடக்கிறதென்று எச்.எம். அம்மா அத்தனை பேர் முன்னால் என்னைக் கடிந்துகொண்டார். அதிலும் 'அழிக்க வேண்டாம்' என்றுதான் எழுதியிருந்தது. அந்தக் கோபத்தில் அன்று சாயங்காலம் பள்ளியில் ஒரு பலகை பாக்கியில்லாமல் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் போனேன்.

மறுநாள் எட்டாம் வகுப்பு எழவு வீடு மாதிரி இருந்தது. மெர்சி டீச்சர் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பதில், போனது போகட்டும், நாடு எப்படி அழிந்தது, யார் தப்பித்தார்கள் என்று எழுதுங்கள் என்றார். எழுதினார்கள். ஈரத்துணியோடு ஒரு அரக்கன் வந்து ஏழு ஊரையும் துடைத்துவிடுகிறான். படமும் போட்டார்கள். வெள்ளை மீசை, காக்கிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. நேரே டீச்சரிடம் போய் நின்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க அழிச்ச பிறகுதான் அந்த நாட்டுக்கே ஒரு கதை கிடைச்சிருக்கு."

அரக்கனின் மனு

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் பள்ளிக் கண்காட்சி நாளில் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டப்போகிறார்களாம், பெற்றோரெல்லாம் வருவார்களாம். என் மைத்துனரின் பேத்தி இங்கே ஆறாம் வகுப்பு. மலைக்கோட்டை பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் அந்த மனிதர், என் கல்யாணப் பந்தியில் "மாப்பிள்ளை அஞ்சாங்கிளாஸ்தான்" என்று நாலு இலை தள்ளிக் கேட்கிற மாதிரி சொன்னவர். முப்பத்தெட்டு வருஷமாகிறது. அவர் கண்ணில் நான் அரக்கனாகப் படுவதா?

படத்தை எடுத்துவிடச் சொன்னேன். நாடு பிள்ளைகளுடையது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார் டீச்சர். அந்த நாட்டுச் சட்டப்படி, குறை உள்ளவர் பலகை முன்னால் நின்று சொல்ல வேண்டும், ஐந்து பேர் தீர்ப்பளிப்பார்கள். நின்றேன். அவர்களுக்கும் ஒரு குறை இருந்தது. புது வரைபடத்தில் எந்த ஊர் எங்கே என்று ஒரு வாரமாகச் சண்டை. நான் சாக்பீஸை வாங்கினேன். மூன்று வாரம் சுற்றிச் சுற்றித் துடைத்த கை அல்லவா? கரையை வளைத்தேன், மலையை நட்டேன், ஏழு ஊருக்கும் புள்ளி வைத்தேன். ஆற்றை மட்டும் கீழ்நோக்கி விட்டேன். வகுப்பே கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்றினேன். திவ்யா ஏழு புள்ளியையும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அழிச்சவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கு."

கண்காட்சி

தீர்ப்பைக் கண்காட்சி வரைக்கும் மூடி வைத்துவிட்டார்கள். அன்று போய்ப் பார்த்தால் அரக்கன் சுவரில் அப்படியே நிற்கிறான், அதே மீசை. கையில் மட்டும் துணிக்குப் பதிலாகச் சாக்பீஸ். கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: பழைய நாட்டைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான், வழி தெரியாத ஏழு ஊர்க்காரர்களும் இவரிடம்தான் வந்து கேட்பார்கள்.

நான் நகர்வதற்குள் மைத்துனர் பேத்தியோடு வந்துவிட்டார். திவ்யா அவரை நிறுத்தி, நாடு அழிந்ததையும் நான் அதைத் திரும்ப வரைந்ததையும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மாப்ளே, நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு ஒரு பாத்திரக்கடைதான் வச்சிருக்கேன். நீங்க அஞ்சாங்கிளாஸ் படிச்சு ஒரு நாட்டையே துடைச்சு, திரும்ப வச்சிருக்கீங்களே."

அவர் சொன்னது பாராட்டா குத்தலா என்று இன்னும் பிடிபடாததால், அந்த முப்பத்தெட்டு வருஷக் கோபத்தை மட்டும் அழிக்காமல் சுற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.