எதையும் விற்காத கம்பெனிக்காரி

காணைப் பக்கத்துக் கோவிந்தம்மாளை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. புருஷன் போன பிறகு ரெண்டு ஏக்கரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டு, மகள் ஆர்த்தியை விழுப்புரத்தில் காலேஜ் படிக்க வைக்கிறவள். உரம் விற்க வருகிறவன், சீட்டு பிடிக்க வருகிறவன் எல்லாரையும் வரப்போடு திருப்பி அனுப்பத் தெரியும். ஆனால் எதையுமே விற்காத ஒருத்தியை என்ன செய்வது?

2011 ஆடியில் அப்படி ஒருத்தி வந்தாள். பேர் டயானா, திண்டிவனத்தில் ஒரு உரக் கம்பெனியில் வேலை. மண்ணைப் பற்றிக் கேட்டாள், தண்ணியைப் பற்றிக் கேட்டாள், விளைச்சலைப் பற்றிக் கேட்டாள். வாங்குங்கம்மா என்று ஒரு வார்த்தை? ஊஹும். துருவிக் கேட்டதும் விஷயத்தைச் சொன்னாள். விளம்பரத்தை விவசாயி நம்புவதில்லையாம். அதனால் ஒயிட் பேப்பர் என்று ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்களாம். சரக்கைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாமல், மல்லாட்டை ஏன் பருப்பில்லாமல் பொக்கையாகிறது, யார் நிலத்தில் என்ன விளைந்தது என்று எழுதி உரக்கடைகளில் வைப்பார்களாம். படிக்கிறவன் தானாகக் கம்பெனியைத் தேடி வருவானாம். யார் படிப்பார்கள், அவர்களுக்கு என்ன சந்தேகம் வரும், எந்த நிலத்தைக் காட்டினால் அது தீரும் என்று மாசக்கணக்கில் திட்டம் போட்டிருக்கிறார்களாம். அவர்கள் உரத்தைப் போட்ட நிலம் கிடைத்துவிட்டது, ஒப்பிட்டுக் காட்டப் போடாத நிலம்தான் வேண்டுமாம்.

காரியம் இல்லாமல் எவளாவது வெயிலில் இப்படி அலைவாளா? பிளாட் போட வேவு பார்க்கிறாளோ, கொழுந்தன் தாண்டவராயன் அனுப்பின ஆளோ என்று கோவிந்தம்மாள் சந்தேகப்பட்டாள். அவன் பங்கு ஏரிக்கரையில் தனியாக இருந்தும், பட்டா இன்னும் கூட்டாகவே கிடந்தது. தவிர, விளைச்சலை உள்ளபடி சொல்லும் வழக்கம் அந்த ஊரிலேயே கிடையாது. சொன்னால் கண்ணு படும், பங்காளி வயிறெரிவான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, விளைந்ததில் பாதியைச் சொன்னாள். டயானா எழுதிக்கொண்டு, போட்டோவும் பிடித்துக்கொண்டு போனாள்.

மாசியில் புத்தகம் வந்தது. உரக்கடையில் அதைப் பார்த்த தாண்டவராயன் நேரே ஊர்க்கூட்டத்தைக் கூட்டிவிட்டான். புத்தகத்தில் கோவிந்தம்மாள் பேர், போட்டோ, கீழே அவள் சொன்ன பாதி விளைச்சல். நிலம் அண்ணி கையில் பாழாகிறது, நானே உழுதுகொண்டு அவர்களுக்குச் சோற்றுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றான். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்! நான் சொன்னது பொய் என்று அவள் கத்தினாள். யார் நம்புவார்கள்? கடைசியில் ஊர்ப் பெரியவர் கண்ணையன், அறுவடையை எல்லாரும் களத்தில் பார்க்கட்டும், அந்தக் கம்பெனிப் பொண்ணும் வரட்டும் என்று முடித்து வைத்தார்.

வருஷா வருஷம் தார்ப்பாய் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுபோகிறவள், பங்குனி வெயிலில் ஊர் பார்க்க மூட்டைகளை அடுக்கினாள். உடம்பு கூசிப்போயிற்று. மூட்டை ஏற ஏற தாண்டவராயன் வாய் பிளந்தான். அவனால் அடக்க முடியவில்லை.

“இவ்ளோ விளையுற நிலமா? அப்போ பாதியைப் பிரிச்சிக் குடுத்துடுங்க அண்ணி.”

கண்ணையன் எழுந்துவிட்டார். “உன் பங்கைத்தான் அப்பவே ஏரிக்கரையில வாங்கிக்கினியே. பாழாப் போற நிலத்தைக் காப்பாத்தணும்னுதான எங்களைக் கூப்ட்ட? போப்பா, போய் வேலையைப் பாரு.”

அவன் தலை மறைந்த பிறகுதான் கோவிந்தம்மாளுக்கு அழுகை வந்தது. நிலம் பிழைத்தது. டயானா மெல்லப் பக்கத்தில் வந்து, போன போகத்திலும் இவ்வளவு விளைந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்று கோவிந்தம்மாள் தலையாட்டினாள். டயானா முகம் வெளுத்துவிட்டது.

“திருத்திப் போட்டா எங்க உரமே தேவையில்லன்னு ஆயிடும்மா. மேனேஜர் என்னைச் சும்மா விட மாட்டாரு. பழைய கணக்கே இருந்துட்டுப் போகட்டுமே?”

கோவிந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது உங்க பேஜாரு. விளைஞ்சதைப் போடு. என் பேரோட போடு.”