முப்பது வருடத்துக்கு அப்பால் ஒரு தேதி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டர்வொர்த் ஃபெரிக்குக் காத்திருந்தபோது, எங்கள் அலுவலகத்துப் பழைய பியூன் வந்து சொன்னார்: "அக்கா, சிவபாலன் அண்ணே போயிட்டாரு." எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட முடியவில்லை, அதற்குள் என்ன அவசரம்?

வடிகால் பிரிவில் அவரோடு இருந்தவர்களுக்கு அவருடைய நனைந்த கால்சட்டை நினைவிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அளவுகோலோடு துறைமுகப் படிக்கட்டுக்குப் போய்விடுவார். கடல் எந்தப் படிவரை ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு திரும்பும்போது, மீன் எத்தனை கிலோ என்று கேட்டு நாங்கள் கிண்டல் செய்வோம்.

பூமி சூடாகிக் கடல் உயரும் என்பதைப் பிரிவில் முதலில் நம்பியவர் அவர்தான். கரையோரத்து மதகுகளையும் புது வீடுகளின் தரையையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த, முப்பது வருடத் திட்டம் எழுதினார். தேர்தல் வருகிறது, அதற்குள் முடிகிற மாதிரி எழுது என்றார் மேலதிகாரி. அதிர்ந்து பேசாத சிவபாலன் அண்ணே அன்று மறுத்துவிட்டார். வெளியே வந்து என்னிடம், "தங்கச்சி, எலெக்‌ஷன் பார்த்துத் தண்ணி வராது லா" என்றார்.

கோப்பின் மேல் ‘பி.யு.’ என்று எழுதித் தேதி போட்டால், அன்றைக்கு அது மறுபடி மேசைக்கு வரும். நாங்கள் இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று மாதம் போடுவோம். அவர் அந்தத் திட்டக் கோப்பில் ஐந்து வருடத்துக்கு ஒன்றாகத் தேதிகள் எழுதி, கடைசித் தேதியை முப்பது வருடம் தள்ளிப் போட்டிருந்தார். கைப்பிழை என்று நினைத்து, வெள்ளை மை தடவி அந்த வருடமாகவே திருத்திவிட்டேன். மூன்றாம் மாதமே கோப்பு வந்து நின்றது. திட்டுவார் என்று பயந்தேன். சிரித்துவிட்டு, எல்லாத் தேதிகளையும் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார். பொறுப்பு அதிகாரி என்ற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ‘அப்போது இருப்பவர்’ என்று போட்டார்.

அவர் காரியம் முடிந்த மறுநாள்தான் பதிவேட்டில் இருந்த முதல் தேதி. தேர்தலுக்குப் பின் வந்த புது அதிகாரியின் மேசையில் கோப்பை வைத்தேன். பழைய ஆட்களின் வேலை, ஸ்டோருக்கு அனுப்பு என்றார். பதிவேட்டைத் திறந்து, மலாயில் எழுதியிருந்த ‘அப்போது இருப்பவர்’ என்பதைப் படித்துக் காட்டினேன். "உங்களைத்தான் சார் சொல்றாரு." தானும் ஒருமுறை படித்துவிட்டு, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

அந்தப் பதிவேடு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த தேதிக்குள் நானும் ஓய்வு பெற்றுவிடுவேன். என் இடத்துக்கு வருபவருக்காக முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: இதில் உள்ள வருடங்கள் சரியானவை, தயவுசெய்து திருத்த வேண்டாம்.