நெட்டையின் கிளாரினெட்டுக்குத் தம்பி வைத்த சோதனை

என் தம்பி ஆலையில் அழுத்தம் காட்டும் கேஜ்களைச் சரிபார்க்கிறவன். கொதிகலனோ காற்றுக்குழாயோ, எதில் மாட்டிய கேஜும் அவன் முத்திரை இல்லாமல் திரும்பிப் போகாது. நான் எட்டாவதோடு நின்ற தையல்காரி. ஆனாலும் அவன் வேலையை யார் கேட்டாலும் விளக்கிவிடுவேன். பத்து வரை காட்டும் கேஜைப் பத்திலேயே ஓட்டினால், முள் கொஞ்ச நாளில் பொய் சொல்ல ஆரம்பிக்கும். இரண்டை அளக்க நூறு வரை போகும் கேஜை மாட்டினாலும் உதவாது. முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. அளக்கும் அழுத்தம் நடுவில் விழும்படி கேஜைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் அவன் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

மாலையில் ஆலை பேண்டில் கிளாரினெட் வாசிப்பான். ஆண்டுவிழாவில் தனியாக வாசிக்கும் மெட்டு எப்போதும் அவனுக்குத்தான். இந்த வருஷம் பெயின்ட் பிரிவுக்கு, உயரத்தால் நெட்டை என்று பெயர் வாங்கிய ஒருவன் வந்து சேர்ந்தான். அவனும் கிளாரினெட். தம்பி நிற்கிற இடத்துக்கு மேலே இன்னும் மூன்று சுரம் போவான். என்ன ரேஞ்சுப்பா என்று பேண்டே வாயைப் பிளந்தது. பேண்ட் மாஸ்டர், மெட்டை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ரேஞ்சாம் ரேஞ்சு. ஏறிட்டா போதுமாக்கா? ஏறின இடத்துல முள் நிக்க வேணாமா?"

எனக்கும் வயிறு எரிந்தது. நிக்காதுடா, நீயே போய் அளந்து காட்டு என்று ஏற்றிவிட்டேன். அவன் மாஸ்டரிடம் போய், சுரம் சுத்தமா என்று முள்ளால் காட்டும் ட்யூனரை வைத்துச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றான். நெட்டை வெள்ளந்தி. "தாராளமா பாருங்கண்ணே" என்றான்.

சோதனையன்று பேண்ட் அறைக்கு நானும் போயிருந்தேன். விழாவுக்காக நெட்டைக்குக் கோட்டு அளவு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து முடித்ததும் ட்யூனரை என் கையில் கொடுத்து முள்ளைப் பார்க்கச் சொன்னான் தம்பி. மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவருக்கு முள் தெரியாது.

மேல் சுரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று சுரத்திலும் முள் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. எனக்கு உள்ளுக்குள் சர்க்கரை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தம்பிக்கு எந்தக் கேஜானாலும் கீழ், நடு, மேல் மூன்றிலும், ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை பார்த்தால்தான் சோதனை. பழகிய கை சும்மா இருக்குமா? "கீழேருந்து வா" என்று நெட்டையிடம் சொல்லிவிட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

கீழே பரவாயில்லை. நடுவுக்கு வந்ததும் முள் கோட்டில் ஒட்டிக்கொண்டது. இறங்கும்போதும் அதே இடம். தம்பி வாசித்தால் அங்கே முள் ஒரு மயிரிழையாவது ஆடும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தம்பியின் காது சிவந்தது. நான் ட்யூனரை அணைத்துவிட்டு, மேலே தப்புன்னு தெரிஞ்சுபோச்சே, கிளம்பலாம்டா என்றேன்.

"என்னப்பா சொல்லுது?" என்றார் மாஸ்டர்.

தம்பி கிளாரினெட் பெட்டியை மூடித் திறந்து, மறுபடி மூடினான். "மேல மூணும் தப்பு சார். நடுவுல என்னைவிட சுத்தம். மெட்ட ரெண்டு சுரம் கீழ இறக்கிட்டா முழுக்க நடுவுல விழும். அவனே வாசிக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினேன். தானாக வந்த மெட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தாயே, உனக்குப் பொறாமைகூட ஒழுங்காகப் படத் தெரியவில்லையே என்றேன்.

"படாம என்ன, பத்திக்கிட்டு எரியுது. அதுக்காக பாத்தத பாக்கலன்னு சொல்ல முடியுமா?"

விழாவில் நெட்டை வாசித்தான். நான் தைத்த கோட்டு அவன் தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அது வேறு எனக்கு எரிச்சல். தம்பி பின்வரிசையில் துணைச் சுரம் பிடித்தான். கைதட்டல் ஓயும்வரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் நெட்டை வீட்டுக்கே வந்துவிட்டான். மேலே மூன்று சுரமும் ஏன் தப்பிப் போகிறது, அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்றான். தம்பிக்குக் காரணம் தெரியும். உதட்டை எங்கே அதிகமாகக் கடிக்கிறான் என்று அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தான்.

"தப்புன்னு சொன்னேன்ல? அது என் வேலை. ஏன்னு நீயே தேடு," என்றான் தம்பி. பிறகு என் பக்கம் திரும்பி, வந்தவனுக்கு ஒரு டீ கொடுக்கச் சொன்னான்.