மூன்று விக்கெட்

லாபிஸ் ரயில் நிலையத்திலிருந்து நான்கு மைல் உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், இங்கிலாந்து டெஸ்ட் அணியில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று ஞாயிறுதோறும் முடிவாகிவிடும். இங்கிலாந்துக்காரர்களுக்குத்தான் அது தெரியாது. சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகை முதலில் துரை பங்களாவுக்குப் போகும். பிறகு தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம். கடைசியில் ஆபீஸ் வாசல் பெஞ்சுக்கு.

பெஞ்சில் உட்காருபவர்கள் ஆங்கிலம் படித்த கிராணிகள். அப்பா ஒருவர்தான் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் கூலியாக இருந்து, கூலிகளை மேய்க்கும் மண்டோர் ஆனவர். ஆங்கிலம் தெரியாது. யாரும் எழுந்து போகச் சொல்லாததால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சிகாமட் ஆங்கிலப் பள்ளிக்கு ரயிலில் போய் வந்த ஒன்பது வயதுக்காரி நான், அவர் காலடியில்.

அந்த ஆண்டு ஒரு வேகப்பந்து வீச்சாளரைப் பற்றியே பேச்சு. இரண்டு டெஸ்டில் ஒரு விக்கெட்கூட இல்லை. முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

"கரி வெட்டுன ஆளுக்கு டெஸ்ட் மேட்ச்ல என்ன வேலை? தூக்கிற வேண்டியதுதான்" என்றார் பெரிய கிராணி.

"ரெண்டு ஆட்டம்தானே சார். பாரம் தூக்குன தோளு, சூடாகக் கொஞ்சம் நேரமாகும்" என்றார் அப்பா.

"கூடப் பொறந்தவன் மாதிரி பேசுறாருலா!" என்றார் இளைய கிராணி ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றும் வருகிறது. அவர்களில் ஒருவர்கூடப் பந்தைத் தொட்டவர் இல்லை; பாரம் தூக்கியவரும் இல்லை.

"சரி, அடுத்த ஆட்டத்துலயும் ஒண்ணும் எடுக்கலன்னா, நீங்க இங்க வந்து கிரிக்கெட் பேசக் கூடாது. சம்மதமா?" என்றார் பெரிய கிராணி. அப்பா தலையாட்டினார்.

அந்த ஆட்டத்தின் முடிவோடு பத்திரிகை வந்த ஞாயிறு, பெரிய கிராணி அதை என்னிடம் நீட்டினார். "நீயே படிம்மா. நாங்க மாத்திப் படிச்சோம்னு உங்கப்பா சொல்லக் கூடாது பாரு."

பெயரைத் தேடினேன். பக்கத்தில் சுழியம். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு விக்கெட்" என்றேன்.

"பார்த்தீங்களா சார்!" என்று அப்பா தொடையைத் தட்டினார். அவர் அவ்வளவு சத்தமாக அங்கே பேசி நான் கேட்டதில்லை.

பெரிய கிராணி பத்திரிகையை வாங்கி எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். "காலையிலேயே பார்த்துட்டேன். யாரு உனக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்தது?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்தார். "நான்தான் சார். என்ன போட்டிருந்தாலும் மூணுன்னு படின்னு சொல்லி வச்சேன்."

"பிள்ளைய வச்சு ஏமாத்துறீங்களே, வெட்கமா இல்ல?"

அப்பா வீட்டைப் பார்த்து நடந்தார். அந்தப் பெஞ்சுக்கு அவர் பிறகு போகவே இல்லை. எனக்கு அவர்மீதுதான் கோபம். அவருக்காகத்தானே சொன்னேன்? தன்னையே பொய்யராக்கிக்கொண்டு, அவர்கள் சிரிப்பதற்கு இடம் கொடுத்துவிட்டாரே! பத்து நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். நேற்று அவள் பால் குடித்ததாகப் பொய் சொன்னதற்கு அடித்தேன். அடித்திருக்க வேண்டுமா, தெரியவில்லை. இரவெல்லாம் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு முடிவில், தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளியில் தொடர நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்றார்கள். அதை எழுதித் தர வேண்டியவர் பெரிய கிராணி. "தகப்பன்தான் சரியில்ல, பிள்ளை நல்ல பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். நேர்மையான பெண் என்று அழகான ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குச் சேர வேண்டியதுதானே என்று அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.