பாலத்தின் நடு இடம்

கல்லடியைச் சேர்ந்த சுகிர்தா கலியாண வீடுகளில் படம் எடுப்பவள். போன வருடப் பிறப்பில் அவள் எடுத்த வாணவேடிக்கைப் படத்தை, கூட வேலை செய்த டிலக்சன் தன்னுடையது என்று முகநூலில் போட்டுவிட்டான். ஊரே அவனைப் பாராட்டியபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

இந்த முறை பின்னேரமே வாவியின் மேலுள்ள பழைய பாலத்தின் நடுவில் கமராவை நிறுத்தி, அவன் வரும்வரை காத்திருந்தாள். இரவு சனத்தை இடித்துக்கொண்டு டிலக்சன் வந்தான்.

"என்னகா, நல்ல இடத்தப் புடிச்சிட்டாய். எனக்கு விட்டுத்தரமாட்டியா?"

"நீங்களே நில்லுங்க அண்ணன். பேர் வாங்கின ஆள்தானே."

அவன் இளித்தபடி நின்றுகொண்டான். சுகிர்தா கமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கிக் கரைக்கு நடந்தாள். தகப்பனின் தோணியில் வளர்ந்தவளுக்கு வாடைக்காற்று எந்தப் பக்கம் வீசும் என்று தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு வாவியின் மேல் வாணங்கள் வெடித்தன. புகை முழுவதும் பாலத்தில் போய்க் கவிந்தது. கரையில் வானம் தெளிவாக இருந்தது. வாணங்களை ஆசைதீர எடுத்தபின், அவள் கமராவைப் பாலத்துக்குத் திருப்பினாள். டிலக்சன் சட்டையால் மூக்கைப் பொத்தியபடி இருமிக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் அவன் இருமும் படத்தைத்தான் முதலில் முகநூலில் போட்டாள். கீழே, "இந்த முறை உங்கட பேரையும் போட்டிருக்கன், டிலக்சன் அண்ணன்" என்று எழுதினாள்.